இராணிப்பேட்டை மண்ணும் ஒற்றை எண்ணும்

மதிப்பிற்குரிய இராணிப்பேட்டை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகத்திற்கு,



மாசுபட்ட தலங்களைக் கண்டறிந்து சீர்படுத்துவதற்கென மத்திய அரசாங்கம் 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளியிட்ட விதிகள், சந்தேகத்திற்குரிய இடங்களைப் பற்றி ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை அனுப்பும் பொறுப்பை மாவட்ட நிர்வாகத்தினிடம் ஒப்படைத்திருக்கின்றன. அவ்வறிக்கை கிடைத்த தொண்ணூறு நாட்களுக்குள் பூர்வாங்க மதிப்பீடும், அவசியமென்று கண்டால் அதன்பின் மூன்று மாதங்களுக்குள் விரிவான ஆய்வும் நடைபெற வேண்டும் என்பது அவற்றின் ஏற்பாடு. வேறு மாவட்டங்களில் இது எத்தனையோ கடமைகளுள் ஒன்றாக இருக்கலாம். தாங்கள் வகிக்கும் ஸ்தானத்தில் இதனினும் கனமான கடமை அதிகம் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

சிப்காட் வளாகத்தில் குரோமிய உப்புகளை உற்பத்தி செய்துவந்த தொழிற்சாலை தொண்ணூறுகளில் மூடப்பட்டபொழுது விட்டுச்சென்ற கழிவு ஏறத்தாழ இரண்டு லட்சம் டன் என்பதையும், அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிகக் கேடுற்ற பத்து இடங்களின் பட்டியலை 2006-இல் வெளியிட்டபொழுது அதில் இராணிப்பேட்டையின் பெயரும் இடம்பெற்றது என்பதையும் தாங்கள் நன்கு அறிவீர்கள். அக்கழிவு மேட்டை அகற்றுவது எப்பொழுது என்னும் கேள்வியைக் கேட்டவர் பலர், இனியும் கேட்பர். நான் கேட்க விரும்புவது அதற்கு முற்பட்ட ஒரு விஷயம். மேட்டைச் சுற்றிலும், புளியந்தாங்கல், காரை ஏரிகளின் பக்கத்திலும், பாலாற்றின் இருகரைகளிலும் பரந்துகிடக்கும் விளைநிலங்களின் மண்ணை எவ்வாறு அளக்கப் போகிறோம்? இக்கேள்விக்குத் தக்க விடை கிடைக்காதவரையில், எத்தனை அறிக்கைகள் எழுதப்பட்டாலும் அவை குடியானவனுக்குப் பிரயோஜனப்படா என்று அஞ்சுகிறேன்.

மண்ணில் குரோமியம் கிலோ ஒன்றுக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒற்றை எண்ணைக் கூறி, அதை ஒரு வரம்போடு ஒப்பிட்டு, மேற்பட்டால் மாசு என்றும் குறைந்தால் சுத்தம் என்றும் தீர்ப்பளித்துவிடுவது எளிது. ஆயினும் குரோமியத்தின் சுபாவம் அத்தகைய தீர்ப்புக்கு இடங்கொடாது. மூன்று இணைதிறனுள்ள குரோமியம் மண் துகள்களை இறுகப் பற்றிக்கொண்டு, நீரில் எளிதில் கரையாமல், பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே கிடப்பது. ஆறு இணைதிறனுள்ள குரோமியமோ குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாக, தானும் எதிர்மின்னேற்றம் உடைய களிமண்ணால் தடுத்து நிறுத்தப்படாமல், மழைநீரோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேர்வது. தூசியாகச் சுவாசத்தில் புகுந்தால் நுரையீரலில் புற்றுநோயை விளைவிப்பது. தோல் பதனிடும் சாலைகளில் பயன்படுவது முதல் வகை. பழைய முறையில் குரோமைட் தாதுவைச் சோடாச் சாம்பலோடும் சுண்ணாம்போடும் சூளையில் வறுத்து நீரால் வடித்தெடுத்தபின் எஞ்சும் சக்கையில், பல பத்தாண்டுகள் கசிந்துகொண்டேயிருக்கும் இரண்டாம் வகை தங்கிவிடுகிறது. நம் மாவட்டத்தின் துர்ப்பாக்கியம், இங்கே இவ்விரண்டு தொழில்களும் அருகருகே நடந்திருக்கின்றன. மொத்தக் குரோமியம் என்னும் எண் இரண்டையும் ஒன்றாகக் கூட்டி, எது கிடக்கிறது, எது ஓடுகிறது என்பதை மறைத்துவிடுகிறது.

மூன்று இணைதிறனுள்ளது ஒரு நிலத்தில் இருக்கிறதென்று கண்டபின்னும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்ஸைடுகள் அதன் ஒரு பகுதியை ஆறு இணைதிறன் நிலைக்கு மாற்றவல்லவை என்று பார்ட்லெட், ஜேம்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1979-இல் எடுத்துக்காட்டினர். அங்ககப் பொருள் நிறைந்த மண்ணில் இதற்கு எதிர்த்திசை மாற்றமும் நிகழ்கிறது. எனவே தொழுவுரம் இட்டு நஞ்சை பயிரிட்ட வயலும், பல ஆண்டுகள் தரிசாகக் காய்ந்துகிடந்த வயலும், ஒரே அளவு குரோமியத்தை உடையனவாக இருந்தும், வெவ்வேறு அபாயத்தை உடையனவாக இருக்கக்கூடும்.

மாதிரி எடுக்கும் விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிழைகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் அல்ல, வயலிலேயே பிறக்கின்றன. துருப்பிடிக்காத எஃகில் பத்து சதவீதத்திற்கு மேல் குரோமியம் இருப்பதால், அவ்வெஃகால் ஆன துளைக்கருவியும் அரைக்கும் இயந்திரமும் தாமே மாதிரியைக் கெடுத்துவிடலாம். ஆறு இணைதிறனுள்ளதை அளக்க வேண்டுமானால் ஈரமண்ணை உலர்த்தாமல், குளிர்ந்த பெட்டியில் வைத்து, தாமதமின்றிக் காரக் கரைசலில் வடித்தெடுத்து, டைஃபீனைல் கார்பஸைடு தரும் ஊதா நிறத்தைக் கொண்டோ வேறு தக்க முறையாலோ மதிப்பிட வேண்டும். வெயிலில் காயவைத்துச் சாக்கில் கட்டி அனுப்பிய மண், வழியிலேயே தன் நிலை மாறிவிடும். மொத்தம் என்று சொல்லப்படுவதற்குக்கூட நிபந்தனை உண்டு. குரோமைட் தாது சாதாரண அமிலங்களில் முழுதும் கரைவதில்லை. ஆகவே எந்த அமிலத்தில் கரைத்தார்கள் என்று சொல்லாத அறிக்கை பாதி அறிக்கையே.

ஆழமும் பருவமும் இவற்றுக்குக் குறைந்தவையல்ல. விவசாயிகள் வழக்கமாக உரப் பரிந்துரைக்கு எடுப்பதுபோல் மேல் பதினைந்து சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடுத்தால், மழைக்காலத்தில் குரோமேட் கீழே இறங்கிவிட்ட நிலம் சுத்தமெனத் தோன்றும். அதே சமயத்தில் அதன் கிணற்று நீர் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்னும் குடிநீர் வரம்பைப் பன்மடங்கு தாண்டியிருக்கலாம். கோடையில் நீர் ஆவியாகும்பொழுது குரோமேட் மறுபடியும் மேலேறி மஞ்சள் உப்பாக நிலத்தில் பூத்துவிடும். பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக்கும் வழக்கமோ, கேடு மிக்க மூலையை நல்ல மண்ணில் கரைத்து இல்லாததாக்கிவிடுகிறது.

அடுத்தது, எதனோடு ஒப்பிடுவது என்னும் கேள்வி. ஜெர்மானிய அறிஞர் முல்லர் 1969-இல் வகுத்த புவித்திரட்சிக் குறியீட்டை இன்றும் ஆய்வாளர் பலர் கையாளுகின்றனர். அளந்த அளவை இயற்கை அளவின் ஒன்றரை மடங்கால் வகுத்து, இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை எடுப்பது அதன் முறை. இயற்கை அளவுக்கு உலகக் களிப்பாறைகளின் சராசரியான 90 மில்லிகிராமை எடுத்துக்கொண்டால், 130 மில்லிகிராம் உள்ள வயல் பூஜ்யத்திற்குக் கீழே, அதாவது மாசற்றது என்னும் வகுப்பில் வந்துவிடும். அவ்வயல் மண்ணின் உண்மையான இயற்கை அளவு 30 என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது அதே வயல் ஒன்றரையைத் தொட்டு மிதமாக மாசடைந்ததாகிவிடும். மறுபுறம், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் பாறையிலேயே குரோமைட் இருக்கிறது. அங்கே தொழிற்சாலையின்றியே மண்ணில் குரோமியம் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. ஆதலால் நம் மாவட்டத்திலேயே, ஆலைக் காற்றும் கழிவுநீரும் எட்டாத, அதே வகைப் பாறையின்மேல் அமைந்த நிலங்களைத் தேர்ந்து, அவற்றின் அளவை முதலில் நிர்ணயிப்பது அவசியம்.

குடியானவன் தன் மண்ணைத் தானே பரிசோதித்துக் கொள்ளலாகாதா என்று கேட்பாரும் உண்டு. 2015-இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் அளக்கப்படுவன பன்னிரண்டு. தழை, மணி, சாம்பல் சத்துக்களும், துத்தநாகம், இரும்பு முதலிய நுண்சத்துக்களும் அவற்றில் அடங்கும். குரோமியம், ஈயம், காட்மியம் ஆகியவற்றிற்கு அந்த அட்டையில் இடமில்லை. அதை வைத்திருப்பவன் தன் நிலத்தில் எந்தச் சத்துக் குறைவு என்பதை அறிவான். எந்த நஞ்சு மிகுதி என்பதை அறிய அவனுக்கு வழியில்லை.

நிரூபிக்கும் பாரத்தை அவன்மேல் ஏற்றுவது நீதியும் அன்று. பழைய வட ஆர்க்காட்டுத் தோல் தொழிற்பகுதியைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் வழங்கிய தீர்ப்பு, அப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்று என்னும் ஆய்வு முடிவைக் குறிப்பிட்டு, தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோருடையது என்று உறுதிப்படுத்தியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் கூறியது. இந்திய தேசத்துச் சுற்றுச்சூழல் நியாயத்திற்கு ஒரு முக்கிய ஆதாரமான அத்தீர்ப்பு இந்த மண்ணின் துன்பத்திலிருந்து பிறந்தது; ஆனால் இந்த மண்ணில் எந்தப் புல எண்ணில் எவ்வளவு நஞ்சு என்பதைத் தமிழில் எழுதிக் குடியானவன் கையில் கொடுத்தோமா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எண்களை வெளியிட்டால் நிலத்தின் விலை விழும், நெல்லையும் நிலக்கடலையையும் வாங்க ஆளிராது என்று விவசாயிகளே அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் நியாயமானது. அதை அறியாமை என்று ஒதுக்குவது அதிகாரத்தில் இருப்பவர்க்கு அழகன்று. ஆனால் அதற்குப் பரிகாரம் எண்ணை ஒளித்துவைப்பதும் அன்று. கேடுற்றதென்று காணப்படும் கிணற்றுக்கு மாற்று நீரும், பயிரிடலாகாத நிலத்திற்கு இழப்பீடும், அறிக்கை வாசிக்கப்படும் அன்றைக்கே அறிவிக்கப்படுமானால், மாதிரி எடுக்க வருபவரை விவசாயியே வரப்பில் நின்று வரவேற்பான்.

ஆகவே தாங்கள் அனுப்பவிருக்கும் அறிக்கையில் கழிவு மேட்டை மட்டுமன்றி, நிலத்தடி நீர் ஓடும் திசையிலுள்ள வயல்களையும், ஆலைக் கழிவுநீர் பாய்ந்த வயல்களையும் புல எண்ணோடு சேர்த்தருளுமாறு வேண்டுகிறேன். மேல்மண், அடிமண், கிணற்று நீர் ஆகிய மூன்றையும் வைகாசி வெயிலில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தையில் மறுமுறையும் எடுக்கச் செய்யுங்கள். இருவகைக் குரோமியத்தையும் தனித்தனியே அளக்கும்படியும், கரைத்த முறையையும் ஒப்பிட்ட இயற்கை அளவையும் எழுதும்படியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினரைக் கேளுங்கள். முடிவுகளை அதற்கடுத்த மே 1-ஆம் தேதிக் கிராம சபைகளில், ஆய்வு செய்தவர்களையும் உடன் வைத்துக்கொண்டு, ஊரார் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைக்கும்படி வாசிக்க உத்தரவிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் மாவட்டத்துக் குடிமகன் ஒருவன்