பாதி இரவு அப்பாவுக்கு

இரண்டு மாதப் பிள்ளை ராத்திரியில் நாலு தடவை எழுந்தால், வீட்டில் எல்லோரும் தாயைத்தான் பார்க்கிறார்கள். "பால் பத்தலையோ?" என்று ஒரு குரல், "தூளியில போடேன்" என்று இன்னொன்று. பால் நன்றாகக் குடித்து, எடையும் ஏறுகிறதென்றால் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. பிறந்த குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் வயிறு சிறியது, இரண்டு மூன்று மணி நேரத்தில் பசித்துவிடும். இரவு பகல் பிடிபடவே மூன்று நான்கு மாதம் ஆகும். பகலில் வெளிச்சம் படட்டும். இரவில் விளக்கைத் தணித்து, கொஞ்சிப் பேசாமல் பாலூட்டி, தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைத்தால் சீக்கிரம் பழகும். என்னைக் கேட்டால், முதலில் தூங்க வேண்டியவள் தாய்தான். பால் குடித்த பிள்ளையைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் வரவழைக்க, ஈரத்துணி மாற்ற, தட்டித் தூங்கவைக்க அப்பாவின் கைகளே போதும். அசதியில் பிள்ளையோடு சோபாவிலேயே கண்ணயர்வது உயிருக்கே ஆபத்து. ஆனால் காலையில் வேலைக்குப் போக வேண்டிய அப்பா எத்தனை இரவு விழிப்பார்? மத்திய அரசு ஊழியருக்கே தந்தையர் விடுப்பு 15 நாள்தான். பல தனியார் நிறுவனங்களில் அதுவும் கிடையாது. பிள்ளைக்கு இரவு பழகும் அந்த மூன்று மாதமாவது அப்பாவை வீட்டில் இருக்கவிடச் சட்டம் வேண்டும்.