தென்னமெரிக்கப் பறவைப் பயணம் செல்வர்க்கு மட்டும் உரியதா?

பெங்களூரில் பறவை நோக்குவோரிடையே வேரூன்றிவிட்ட கருத்து ஒன்று உண்டு. தென்னமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் பறவைகளைக் காணக் கையில் பல லட்சம் ரூபாயும், முழுத் தொகுப்புச் சுற்றுலாவும், விலையுயர்ந்த லென்ஸும் வேண்டும். மாதச் சம்பளக்காரர் அதை நினைத்துப் பார்ப்பதே வீண் என்பது அது. இதில் ஒரு பகுதி உண்மை. பெங்களூரிலிருந்து அக்கண்டத்துக்கு நேரடி விமானம் இல்லாததால், அடிஸ் அபாபாவிலோ தோஹாவிலோ ஐரோப்பிய நகரம் ஒன்றிலோ விமானம் மாற வேண்டியிருக்கிறது. போய்வரும் கட்டணம் பெரும்பாலும் லட்ச ரூபாயைத் தாண்டிவிடுகிறது. அமெரிக்கா வழியாகச் செல்லும் சீட்டு சில வேளை மலிவாகத் தோன்றினாலும், அங்கு விமானம் மாறுவதற்கே இந்தியர் விசா பெற வேண்டும் என்பதால் அச்செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆனால், போய் இறங்கிய பின் ஆகும் செலவைத் தீர்மானிப்பவை பறவைகள் அல்ல, பயணியின் அவசரமே.

தொகுப்புச் சுற்றுலாக்கள் பல ஆயிரம் டாலர் கேட்பதன் காரணம் இந்த அவசரத்தில்தான் இருக்கிறது. இரண்டே வாரத்தில் நானூறு, ஐந்நூறு இனங்களைக் காட்டுவதாக வாக்களிக்கும் பயணத்துக்குத் தனி வண்டி, முழுநேர வழிகாட்டி, இரவுக்கொரு விடுதி, உள்நாட்டு விமானம் எல்லாம் வேண்டியிருக்கின்றன. எண்ணிக்கை ஆசையைத் தளர்த்தி ஒரே நாட்டில் ஒரே மலைச்சரிவோடு நிறுத்திக்கொள்பவருக்கு இவற்றில் பெரும்பாலானவை தேவைப்படுவதில்லை.

அப்படி நிறுத்திக்கொண்டால் இழப்பு பெரிதாக இருக்கும் என்று எண்ணுவோர் எக்வடோர் நாட்டைச் சற்று உற்றுநோக்க வேண்டும். பரப்பில் கர்நாடகத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கே உள்ள அந்நாட்டில் 1,600-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. இந்தியா முழுமைக்குமே அவ்வெண்ணிக்கை 1,300 சொச்சம்தான். நிலநடுக்கோடும் ஆண்டீஸ் மலைத்தொடரும் அங்கே ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், சில நூறு மீட்டர் இறங்கினாலே வெப்பமும் ஈரமும் மரங்களும் மாறுகின்றன. அவற்றோடு பறவைகளும் மாறுகின்றன. தலைநகர் கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் வடபகுதியிலுள்ள லா ஒஃபேலியா பேருந்து நிலையத்தில் சில டாலர் கொடுத்து ஏறினால், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் 1,250 மீட்டர் உயரத்திலுள்ள மிந்தோ என்ற சிற்றூரை அடைந்துவிடலாம். ஊரைச் சுற்றியுள்ளது மேகக் காடு, அதாவது ஆண்டின் பெரும்பகுதி மூடுபனியில் நனைந்து, கிளைதோறும் பாசியும் ஆர்க்கிடும் தொற்றி வளரும் மலைக்காடு. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே எங்கும் காணக் கிடைக்காத ஓசனிச்சிட்டுகள் அங்கே வீட்டுத் திண்ணையில் தொங்கவிட்ட சர்க்கரைநீர்க் குடுவைக்கே வந்து போகின்றன. எளிய விடுதியொன்றில் ஒரு வாரம் தங்கி, காலையும் மாலையும் நடந்தே பார்ப்பவர் வெறுங்கையோடு திரும்ப வழியில்லை. நாட்டின் நாணயம் அமெரிக்க டாலரே என்பதால் பணத்தை இருமுறை மாற்றும் நட்டமும் இல்லை.

சிக்கனம் என்றால் வழிகாட்டியே கூடாது என்று வாதிடுவோரும் உண்டு, அதுவும் பிழையே. மிந்தோவுக்கு அருகே ஆங்கெல் பாஸ் என்ற விவசாயி, தம் நிலத்துக் காட்டில் பாறைச்சேவல் எனத்தக்க செந்நிறப் பறவையின் ஆண்கள் விடியலில் கூடிக் குரலெழுப்பி ஆடிப் பெண்களைக் கவரும் இடம் இருப்பதைக் கண்டு, அதைக் காணப் பார்வையாளரை அழைத்துவரத் தொடங்கினார். இவ்வாறு ஆண்கள் கூடிப் போட்டியிடும் களத்தைப் பறவையியலார் ‘லெக்’ என்பர். பின்னர் அவர், புதருக்குள் மறைந்தே வாழும் பேரெறும்புப் பிட்டா என்ற பறவைக்கு நாள்தோறும் மண்புழு வைத்துப் பழக்கி, மரியா என்று பெயரிட்டு, கூப்பிட்டால் பாதைக்கு வரும்படி செய்தார். வாலே இல்லாதது போல் உருண்டு திரண்ட உடலும் நெடுங்கால்களும் கொண்டு தரையில் ஓடித் திரியும் அப்பறவையைக் காண்பதற்கென்றே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்; வெட்டப்பட்டிருக்கக்கூடிய காடு அந்த வருவாயால் நிற்கிறது. இத்தகைய உள்ளூர் வழிகாட்டிக்கு ஒன்றிரண்டு நாள் கூலி கொடுப்பது வீண்செலவாகாது. நால்வர் சேர்ந்தால் வண்டிச் செலவும் நான்காகப் பிரியும்.

முழுநேர வழிகாட்டி இல்லாமல் அறிமுகமற்ற பறவைகளை இனம் காண முடியாது என்னும் வாதத்துக்குப் பெங்களூரே விடை வைத்திருக்கிறது. லால்பாக் தோட்டத்தில் ஜோசப் ஜார்ஜ் 1970-களின் தொடக்கத்தில் தொடங்கிவைத்த இரண்டாம் ஞாயிறு பறவை நடைகள் கட்டணமின்றியே பலரைத் தேர்ந்த நோக்கர்களாக்கியுள்ளன. அதைவிடப் பயன்மிக்க பயிற்சி, அரசுப் பேருந்திலேயே நெருங்கக்கூடிய பிலிகிரிரங்கன் மலை போன்ற காடுகளில் கிடைக்கிறது. அங்கே துடுப்புவால் கரிச்சானும் மின்சிட்டும் மரங்கொத்தியும் பசையெடுப்பானும் ஒரே கூட்டமாய் இரை தேடி நகர்வதைக் ‘கலப்புக் கூட்டம்’ என்பர். நெடுநேரம் அமைதியாய்க் கிடந்த காட்டில் திடீரென்று இருபது பறவைகள் தோன்றிச் சில நிமிடங்களில் மறையும் அந்நிகழ்ச்சியில், எதை முதலில் நோக்குவது, எக்குரலைப் பின்தொடர்வது என்று பழகியவருக்கு ஆண்டீஸ் காட்டின் கலப்புக் கூட்டம் அச்சம் தராது. பெயர்கள்தாம் புதியவை. அவற்றுக்கு, கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாக வழங்கும் மெர்லின் செயலியில் எக்வடோருக்குரிய தொகுதியைப் பெங்களூரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதே ஆய்வகத்தின் ஈபேர்ட் தளம் எந்த மாதத்தில் எந்த இடத்தில் எப்பறவை எத்தனை முறை பதிவானது என்பதையும் காட்டிவிடும். எல்லாக் குரல்களையும் செயலி அறியாது என்பதால், குறிப்பேடும் செவியும் ஓய முடியாது.

லென்ஸ் பற்றிய வாதம் நெடுநேர மறுப்புக்கு உரியதன்று. மழைக்காட்டின் மங்கிய ஒளியில் தேவைப்படுவது 8×42 அளவுள்ள இருகண்நோக்கி: எட்டு மடங்கு உருப்பெருக்கமும், 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள முகப்பு வில்லையும் கொண்டது. படம் எடுப்பது தனி விருப்பம். பறவையைக் காண அது நிபந்தனையாகாது.

பாதுகாப்புக் குறித்த அச்சம் மட்டும் புறந்தள்ளத் தக்கதல்ல. குற்றக் கும்பல்களின் வன்முறை முற்றியதால் 2024 ஜனவரியில் எக்வடோர் அரசு உள்நாட்டு ஆயுத மோதல் நிலவுவதாக அறிவித்தது; ஆகவே இந்திய வெளியுறவு அமைச்சின் அறிவுரையைப் பார்த்த பின்பே நாளைக் குறிக்க வேண்டும். மற்றொன்றையும் மறக்கலாகாது. எக்வடோர், கொலம்பியா, பெரு, பிரேசில் ஆகியவற்றிலிருந்து இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். காட்டத் தவறினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். அவ்வூசி அரசு அனுமதி பெற்ற மையங்களில் மட்டுமே போடப்படுகிறது. போட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுதும் போதும். பயணம் உறுதியானதும் முதல் வேலையாக அந்த ஊசிக்கு நாள் வாங்கிவிடுக.