ஓசையை அடக்கும் பசை

எங்கள் வட்டுக்கோட்டையில் வற்றாத ஆறு இல்லை, அருவி இல்லை. கிணறே கதி. முன்னாளில் துலா மிதித்து இறைத்த தோட்டங்களில் இன்று சிறு யந்திரங்கள் நீர் இறைக்கின்றன. விடியுமுன் அவை எழுப்பும் பேரொலியில், பாடம் படிக்க எழுந்த மாணாக்கர் செவியைப் பொத்திக்கொள்வதை யார்தான் அறியார்?

அயலிலுள்ள தோட்டக்காரர் ஒருவர் சிலிக்கோன் பசைக் குழாயொன்றுடன் எம்மிடம் வந்தார். “மாஸ்டர், இதை மிசினுக்குப் பூசினால் சத்தம் குறையுமாம். மெய்யோ?” என்று வினவினார். பாதி மெய் என்றோம்.

யந்திரத்தின் உருளையைச் சுற்றி, மீனின் செட்டைபோல மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. காற்றுப் பட்டு வெப்பம் நீங்குவதற்காக அமைந்தவை அவை. உள்ளே எரிபொருள் எரியுந்தோறும் அவை அதிர்ந்து ஒலிக்கின்றன. கோயிற் சேமக்கலத்தை அடித்தபின் அதன் விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். நாதம் சட்டென அடங்கும். அவ்விரலின் வேலையையே பசையும் செய்கின்றது. காய்ந்து இறப்பர்போலாகும் அது, அதிர்வின் ஆற்றலை ஏற்றுச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகின்றது. இது புதுமையன்று. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையாரே தம் பழைய மோட்டார் சைக்கிள்களின் செட்டைகளுக்கிடையே இறப்பர்த் துண்டுகளைச் செருகி விற்றதுண்டு.

சிலிக்கோன் எதற்கு எனின், சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறிக் கோத்த சங்கிலி அது. ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பத்தையும் தாங்கும். வினாகிரி வாசனை வீசும் வகை சில உலோகங்களை அரிக்கும். ஆதலின் யந்திரத்துக்கென விற்கப்படும், அவ்வாசனையற்ற வகையே நன்று. யந்திரம் ஆறியபின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அடுத்தடுத்த இரு செட்டைகளையும் தொடுமாறு புளியங்கொட்டையளவு பசையை இடைக்கிடை இட்டு, ஒருநாள் காயவிடுதல் வேண்டும். இடைவெளி முழுவதையும் அடைத்தாலோ காற்றுப் புகாது. யந்திரம் சூடேறிக் கெடும். புகைக்குழாயிற் பூசினால் பசை கருகிப்போம்.

இனி மற்றைப் பாதியைக் கேளுங்கள். அவருடைய யந்திரத்தை ஓடவிட்டுச் செவிமடுத்தோம். செட்டையின் கணகணப்போடு ‘டக், டக்’ என்ற வேறோர் ஒலியும் வந்தது. மூடித்தகட்டின் திருகாணி தளர்ந்திருந்தது. வால்வின் இடைவெளியும் மிகுந்திருந்தது. “தம்பி, பசை நிற்கட்டும், முதலில் மெக்கானிக்கை அழையும்” என்றோம். அவர் வந்து சீர்செய்தபின் இரைச்சல் பெரிதும் தணிந்தது. அதன்பின் இட்ட பசை, எஞ்சிய கணகணப்பைக் குறைத்தது. புகைக்குழாயின் முழக்கம் மட்டும் அப்படியே நின்றது. அதற்குப் பசை மருந்தன்று, நல்ல சைலன்சரே மருந்து.

85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஒலியை நாள்தோறும் எட்டு மணிநேரம் கேட்போரின் செவி நாளடைவிற் கேடுறும் என்பர் அறிஞர். ஆகவே ஓசையைத் தணித்தல் நன்றே. ஆயினும் எல்லா ஓசையும் தொல்லையன்று. சில ஓசை முறையீடு. முறையிடும் வாயைப் பசையால் ஒட்டிவிட்டால், ஒருநாள் யந்திரமும் நிற்கும், பயிரும் வாடும்.

துலா கிரீச்சிட்ட காலத்தில் நம் பாட்டனார் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அச்சுக்கு எண்ணெய் இட்டனர்.