இணைப்பு அறுகிறது, அரிசியை மறுப்பது யார்?

“முரணின்மை, கிடைத்தல், துண்டிப்பைத் தாங்குதல்: மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடு.” தரவின் நகல்களைப் பல இடங்களில் வைத்து இயங்கும் அமைப்புகளைப் பற்றிய பாடம் நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் இந்த வாய்பாட்டோடு முடிந்துவிடுகிறது. எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்த ஊகத்தை 2002-இல் கில்பர்ட்டும் லிஞ்சும் தேற்றமாக நிறுவினர். தேற்றம் பிழையன்று; வாய்பாடே பிழை. அது திசைதிருப்புவது என்று 2012-இல் புரூவரே எழுதினார்.

பிழை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. இணைப்பு, யாரும் அறுக்காமலே அறும். தானாக நிகழ்வதைத் தேர்வுப் பட்டியலில் எப்படி வைப்பது? மழை வேண்டாமென்று முடிவுசெய்துவிட்டுக் கூரையில்லா வீடு கட்டுவதுண்டா?

உண்மையான கேள்வி வேறு. இணைப்பு அற்ற வேளையில் கைக்கெட்டும் ஒற்றை நகல், புதிய பதிவை ஏற்பதா, மறுப்பதா? ஏற்றால் நகல்கள் முரண்படலாம்; மறுத்தால் வாசலில் நிற்பவர் வெறுங்கையோடு திரும்புவார். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பின் இணைப்பு அறுந்தது 43 வினாடிகள்தாம். அதற்குள் அமெரிக்காவின் இரு கரைகளிலும் மறுகரை அறியாத பதிவுகள் சேர்ந்துவிட்டன. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. முரணை ஏற்பவர், அதைத் தீர்க்கும் வழியையும் முன்கூட்டியே வகுத்தாக வேண்டும்.

வகுத்தவர்கள் உண்டு. அமேசானின் டைனமோ (2007) வாங்குபவரின் கூடையை ஒருபோதும் மறுப்பதில்லை. நீக்கிய பொருள் எப்போதாவது மீண்டும் தலைகாட்டினால் காட்டட்டும் என்று துணிந்தது. மையத்தோடு தொடர்பற்ற ஏ.டி.எம். சிறு தொகைவரை பணம் தந்துவிட்டுப் பின்னர்க் கணக்கை நேர்செய்யும்படி அமைக்கப்படுவதுண்டு. இழப்புக்கு வரம்பு கட்டினால் போதும்.

வணிகத்துக்குக் கிட்டும் இந்தச் சலுகை நியாயவிலைக் கடைக்கு ஏன் இல்லை? சிக்னல் இல்லாத ஊரில் கைரேகை சரிபார்க்க முடியவில்லை என்று அரிசி மறுக்கப்படுகிறது. இணைப்பின்மையைக் காட்டி மறுக்கலாகாது என 2017-இல் மைய அரசே அறிவுறுத்தியது. அட்டைதாரர் பட்டியலின் நகலைக் கடைக்கருவியில் வைத்து, அரிசியை அளந்துவிட்டு, இணைப்பு மீண்டதும் ஒப்பிடலாம். மிஞ்சினால் ஒருவர் தம் ஒதுக்கீட்டை இருமுறை பெறக்கூடும். அதுவும் ஒப்பிடும்போது தெரிந்துவிடும். பட்டினியை அப்படிப் பின்னர் நேர்செய்ய இயலாது.

“சர்வர் இல்லை” என்பது எழுவாயை மறைக்கும் வாக்கியம். இணைப்பு அறுவது இயற்கை. அந்நேரம் யார் இழப்பைச் சுமப்பது என்பதைத் தேற்றம் தீர்மானிப்பதில்லை, வடிவமைப்பவரே தீர்மானிக்கிறார். வகுப்பறை கற்பிக்க வேண்டியது இதைத்தான்.