கரைக்கு விளக்கு சரி, வாய்க்காலுக்கு?

2024 அக்டோபரில் கோவையில் பெய்த மழையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சாய்பாபா காலனி பக்கம் ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு பஸ்ஸே மாட்டிக்கொண்டது. சங்கனூர் பள்ளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் எங்கள் வீட்டு அடுப்படியிலும் கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணி. அரிசி மூட்டையைக் கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அப்போது மனசில் வந்த கேள்வி இதுதான்: வெள்ளத்துக்கு என்று கோடி கோடியாய் ஒதுக்குகிறார்களே, அதெல்லாம் எங்கே போகிறது?

அதற்குப் பிறகு இது சம்பந்தமாக எந்தச் செய்தி வந்தாலும் விடாமல் படிக்கிறேன். நான் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளிடமும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

பேரிடர் நிதியில் நூற்றுக்கு 75 மத்திய அரசின் பங்கு, 25 மாநில அரசின் பங்கு. 2021 முதல் 2026 வரைக்கும் 15-வது நிதிக்குழு போட்ட கணக்குப்படி, அந்தப் பணத்தில் நூற்றுக்கு 80 ரூபாய், பெரும்பாலும் ஆபத்து வந்த பிறகு செய்யும் நிவாரணத்துக்கும் சீரமைப்புக்கும். முன்கூட்டியே தடுக்கிற வேலைக்கு 20 ரூபாய்தான். சென்னைக்கு 561 கோடி ரூபாயில் வெள்ளத் தடுப்புத் திட்டம் ஒப்புதலானதுகூட, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து ஊரே மூழ்கின பிறகுதான். கூரை ஒழுகினால் மழைக்கு முன்னாடி ஓடு மாற்றுவோமா, இல்லை நனைந்த பிறகு புதுப் பாய் வாங்குவோமா? குடும்பம் நடத்துகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

நம்ம ஊர் சங்கதிக்கு வருகிறேன். வெள்ளியங்கிரி மலையிலிருந்து வரும் நொய்யலில் தடுப்பணை கட்டி, வாய்க்கால் வெட்டி, குளத்துக்குக் குளம் தொடுத்து வைத்தார்கள் பெரியவர்கள். ஒன்று நிறைந்தால் மிச்சம் அடுத்ததற்குப் போகும். உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் அப்படி வந்தவைதான். கோவை 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் சேர்ந்தது. ஒரு நகரத்துக்கு ஐந்து வருஷத்தில் மத்திய அரசு 500 கோடி, மாநிலமும் அதே அளவு என்பது அந்தத் திட்டம். குளக்கரைகளில் நடைபாதையும் விளக்கும் வந்தன. நானும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீரைக் கொண்டுவருகிற வாய்க்காலும், வெளியே கொண்டுபோகிற பள்ளமும் குப்பையில் அடைபட்டுக் கிடந்தால் கரை அழகாக இருந்து என்ன பிரயோஜனம்? குழாய் அடைத்துக் கிடக்க, புதுக்குடம் வாங்கி வைத்த கதைதான்!

பள்ளத்திலும் வேலை நடக்காமல் இல்லை. ஆனால் 2025 ஜனவரியில், சங்கனூர் பள்ளத்தில் தடுப்புச்சுவர் வேலை நடந்துகொண்டிருந்தபோது கரையோர வீடு ஒன்று சரிந்து விழுந்தது. கடவுள் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லை. வேலை நடந்தால் மட்டும் போதாது, பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிப் பாதுகாப்பும் செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா முன்பு குளக்கரையில் இருந்தவர். இப்போது கீரணத்தம் அடுக்குமாடியில் இருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறார். "குளம் அழகாத்தானுங்க இருக்குது அம்மணி, எம்பட புள்ளைக்குப் பள்ளிக்கூடந்தான் தூரமாப் போச்சு" என்றார். திட்டச் செலவில் அவர் கொடுத்த பங்கை யார் கணக்கில் எழுதுவது?

நல்லதும் நடந்திருக்கிறது. வெள்ளலூர் குளத்துக்கு வரும் வாய்க்காலை 2017-ல் தன்னார்வலர்கள் ஞாயிறு தோறும் கூடிச் சுத்தம் செய்தார்கள். பல வருஷமாக வறண்டு கிடந்த குளத்துக்குத் தண்ணீர் வந்தது. வாய்க்காலைக் கவனித்தால் குளம் தன்னால் நிறையும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நாமும் சில காரியம் செய்யலாம். வேலை நடக்கும் இடத்தில் எவ்வளவு நிதி, எப்போது முடியும் என்று தமிழில் பலகை வைக்கச் சொல்லிக் கேட்கலாம். பகுதி சபைக் கூட்டம் நடந்தால் வீட்டுக்காரரை மட்டும் அனுப்பாமல் நாமே போகலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதிக் கேட்டால், 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. முக்கியமாக, குப்பைக் கவரைப் பள்ளத்தில் வீசுகிற நம்ம கையையும் கட்டுப்படுத்த வேண்டும்.

ஐப்பசி மழை சொல்லிக்கொண்டா வரும்? அதற்கு முன்னால் கேட்டு வைப்போம்.

- ஒரு குடும்பத் தலைவி, சங்கனூர், கோவை.