மறுபிறவிக்கு ஓர் அரசாணை

செத்த பிறகு யார் எங்கே பிறப்பது என்பதற்கும் அரசாங்க ஒப்புதல் வேண்டும். வேடிக்கைப் பேச்சில்லை. சீனாவின் மத விவகாரத் துறை 2007-ல் பிறப்பித்த 5-ஆம் எண் ஆணை, திபெத்திய பௌத்தத்தின் மறுபிறவி லாமாக்களை அரசு அனுமதியின்றி அறிவிக்கக் கூடாது என்கிறது. ஆளுகிற கட்சியோ நாத்திகக் கட்சி. அதன் உறுப்பினர்கள் எந்த மதத்தையும் பின்பற்றவே கூடாது!

2025 ஜூலை 2 அன்று, 90-ஆவது பிறந்த நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, தலாய் லாமா மரபு தனக்குப் பின்னும் தொடரும் என்று 14-ஆவது தலாய் லாமா அறிவித்தார். அடுத்தவரைக் கண்டறியும் உரிமை தம்முடைய அறக்கட்டளைக்கு மட்டுமே என்றார். தங்கக் கலசத்தில் சீட்டுக் குலுக்கி, தங்கள் ஒப்புதலோடுதான் எதுவும் நடக்கும் என்றது பெய்ஜிங். 1793-ல் சிங் பேரரசர் சியான்லாங் புகுத்திய முறை அது. 13, 14-ஆவது தலாய் லாமாக்கள் அந்தக் குலுக்கல் இல்லாமலே வந்தவர்கள் என்பதைப் பெய்ஜிங் உரக்கச் சொல்வதில்லை.

சரி, ஆன்மா என்று ஒன்றில்லை என்ற புத்தரின் வழியில் மறுபடி பிறப்பது யார்? இதே கேள்வியைக் கிரேக்க அரசன் மிலிந்தன் நாகசேனரிடம் கேட்டதாகப் பாலி நூலொன்று சொல்கிறது. இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றா என்று திருப்பிக் கேட்டார் துறவி. ஒன்றல்ல, முற்றிலும் வேறும் அல்ல. ஒன்றைப் பற்றி இன்னொன்று எரிகிறது, அவ்வளவுதான். இங்கே கைமாறிப் போகும் பொருள் எதுவும் இல்லை.

தமிழுக்கு இது புதிதல்ல. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைத் தொழுத மணிமேகலைக்கு முற்பிறவி தெரிகிறது. தன்னைத் துரத்தும் உதயகுமரன்தான் போன பிறவியில் கணவன் இராகுலன். சராசரிக் கதையென்றால் அங்கேயே மணமேளம் கொட்டியிருக்கும். மணிமேகலைக் காப்பியம் பாடிய சாத்தனார் கொட்டவில்லை. பழைய பிறவி தெரிந்ததால் பழைய உறவின் மேல் உரிமை வந்துவிடுவதில்லை. அவள் அட்சய பாத்திரத்தோடு பசித்தவர்களைத் தேடிப் போகிறாள். அப்படிப்பட்ட தொடர்ச்சியைச் சொத்துப் பத்திரம்போல் பதிவுசெய்யப் பார்ப்பது, அபத்தம் என்பதைத் தவிர வேறென்ன?

திபெத்திய மடங்களும் அரசியல் தெரியாத இடங்களல்ல. 1578-ல் 'தலாய்' பட்டம் தந்தவர் மங்கோலிய மன்னர் அல்தான் கான். 4-ஆவது தலாய் லாமா அவர் வம்சத்திலேயே பிறந்தார். தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனாலும் ஒரு குருவை ஏற்பது அவரை வணங்குகிறவர்களின் வேலை. அதை அரசு அலுவலகத்தால் செய்ய முடியாது. இந்த மோதலில், சமய நம்பிக்கைகள் குறித்து நிலைப்பாடு எடுப்பதில்லை என்று நழுவியது புதுடெல்லி. 1959 முதல் இப்போதைய தலாய் லாமாவுக்கு அடைக்கலம் தந்த நாடு இன்னும் கொஞ்சம் துணிந்து பேசியிருக்கலாம்.

அடுத்த தலாய் லாமாவை அடையாளம் காண்பதில் பஞ்சென் லாமா என்ற இன்னொரு மறுபிறவி லாமாவுக்கு மரபுவழிப் பங்குண்டு. 1995 மே மாதம் கெதுன் சோக்கி நியிமா என்ற ஆறு வயதுச் சிறுவனை அந்தப் பொறுப்புக்குரியவனாகத் தலாய் லாமா அறிவித்தார். சில நாள்களிலேயே சீன அதிகாரிகள் அவனைக் குடும்பத்தோடு கொண்டுபோனார்கள். அதே ஆண்டு நவம்பரில் கலசத்தைக் குலுக்கி வேறொரு சிறுவனைத் தேர்ந்தெடுத்தார்கள். நியிமா இயல்பாக வாழ்வதாகச் சீனா சொல்கிறது. முப்பது ஆண்டுகளாகப் பொதுவெளியில் அவரை ஒருவரும் பார்த்ததில்லை.