எடின்பர்க்கா, எடின்பராவா?



உங்கள் அட்லஸில் 'நாம்பியா' என்ற நாட்டைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது! ஆனால், 2017 செப்டம்பரில் நியூயார்க்கில் ஆப்பிரிக்கத் தலைவர்களுடன் நடந்த விருந்தில், அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் அந்தப் பெயரை இரண்டு முறை சொன்னார். அவர் சொல்ல நினைத்தது நமீபியா. உடனே இணையமெங்கும் கேலி. ஜாம்பியாவையும் காம்பியாவையும் நமீபியாவோடு கலந்து புது நாடு படைத்துவிட்டார் என்று சிரித்தார்கள். வெள்ளை மாளிகை வெளியிட்ட உரையில் 'நமீபியா' என்று சத்தமில்லாமல் திருத்தியிருந்தார்கள்.

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அந்த நாட்டு மக்களை நினைத்துப் பார்த்தேன். முன்பு அந்த நாட்டின் பெயர் தென்மேற்கு ஆப்பிரிக்கா. இது பெயரா என்ன? வெறும் திசை! முதலில் ஜெர்மனி ஆண்டது, பிறகு தென்னாப்பிரிக்கா ஆண்டது. அங்குள்ள நமீப் பாலைவனத்தை வைத்து 'நமீபியா' என்ற பெயரை ஐ.நா. பொதுச்சபை 1968-இல் ஏற்றது. விடுதலை கிடைக்கவோ 1990 மார்ச் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்த பெயரைப் பெரிய மேடையில் ஒருவர் தப்பாகச் சொன்னால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

நாக்கு தவறுவது யாருக்கும் நடக்கும். முன்கூட்டியே ஒருவரைக் கேட்டுக்கொள்ளாமல் மேடையேறுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1963 ஜூன் 26 அன்று மேற்கு பெர்லினில் பேசப்போன அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு ஜெர்மன் மொழி வராது. "நானும் ஒரு பெர்லின்காரன்" என்ற வாக்கியத்தை ஜெர்மன் மொழியில் சொல்ல விரும்பினார். அது காதில் எப்படி ஒலிக்குமோ அப்படியே ஆங்கில எழுத்துகளில் அட்டையில் எழுதிக்கொண்டார். பேசுவதற்கு முன்பு நகர மேயரின் அறையில் சொல்லிப் பழகினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. (அவர் தன்னை 'ஜாம் பணியாரம்' என்று சொல்லிக்கொண்டதாக ஒரு வேடிக்கைக் கதை உண்டு. நம்பாதீர்கள். அது பல ஆண்டுகள் கழித்துக் கிளம்பியது.)

இதற்கென்றே ஆள் வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. லண்டன் பி.பி.சி. வானொலி, அறிவிப்பாளர்களுக்கு உச்சரிப்பு சொல்லித்தர 1926-லேயே அறிஞர் குழு ஒன்றை அமைத்தது. பெர்னாட்ஷாகூட அதில் இருந்தார்.

தப்பாகச் சொன்னவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சரி. சரியாகச் சொன்னவரையும் விடுவதில்லையே! அமெரிக்கர்கள் பலர் 'பேக்கிஸ்டேன்' என்பார்கள். பராக் ஒபாமாவோ நம்மைப்போல 'பாக்கிஸ்தான்' என்றே சொல்வார். கல்லூரி நாட்களில் அவருக்குப் பாகிஸ்தானிய நண்பர்கள் உண்டு. 1981-இல் அங்கே போயும் வந்திருக்கிறார். ஆனால் 2008-இல் அவர் அதிபர் தேர்தலில் நின்றபோது, இது மேதாவித்தனம் என்று சொந்த நாட்டிலேயே சிலர் கிண்டல் செய்தார்கள். அந்த ஊர்க்காரர் சொல்வதுபோலச் சொன்னது ஒரு குற்றமா?

இப்படி நான் கேட்கலாமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஸ்காட்லாந்தின் தலைநகரை 'எடின்பர்க்' என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாணவன் எழுந்து, "சார், ரேடியோவுல எடின்பரான்னு சொல்றாங்க" என்றான். தாத்தாவோடு சேர்ந்து லண்டன் ஒலிபரப்பு கேட்பவன். வகுப்பே "பரா... பரா..." என்று சிரித்தது. நானும் புன்னகைத்து, "உட்காரப்பா" என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் உச்சரிப்பு அகராதியைப் புரட்டினேன். அவன் சொன்னதுதான் சரி. அதை வகுப்பில் ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் தயக்கம். மூன்றாம் நாள் கரும்பலகையில் 'எடின்பரா' என்று பெரிதாக எழுதி, அவன் பெயரைச் சொல்லிப் பாராட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனாலும் பட்டப்பெயர் போகவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவன் 'பரா'தான். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் தானாகக் கை தூக்கி நான் பார்க்கவே இல்லை.